சாவிக்குக் கிடைக்கும் பெயர் மாத்திரைக்குக் கிடைப்பதில்லை

பேருந்து நிலையத்தில் ஒருவர் திடீரென்று விழுகிறார். கை கால் வெட்டி இழுக்கிறது. கூட்டம் கூடுகிறது. "யார்கிட்டயாவது சாவி இருக்கா?" என்று ஒரு குரல். பூ விற்கும் அம்மா இடுப்பில் செருகிய சாவிக்கொத்தை உருவிக் கொடுக்கிறார். அதை உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். சற்று நேரத்தில் இழுப்பு அடங்குகிறது. "இரும்பு பட்டதும் நின்னுடுச்சு பாருங்க" என்றபடி கூட்டம் கலைகிறது. அங்கே நின்ற அத்தனை பேரும் இனி கண்ணால் கண்ட சாட்சிகள். சாவிக்கு அந்தச் சக்தி கிடையாது என்று அவர்களிடம் யார் சொன்னாலும் எடுபடாது.

விழுந்தவரின் வீட்டில் விசாரித்தால் அடிக்கடி கிடைக்கும் பதில் இது: "மூணு வருஷமா ஒண்ணும் வரலை. அதான் மாத்திரையை விட்டுட்டோம்."

மூன்று வருடம் அவரை விழாமல் காத்தது மாத்திரை. அதை யாரும் பார்க்கவில்லை. வராத வலிப்பை எப்படிப் பார்ப்பது? தானாக நிற்கவிருந்த வலிப்பின் கடைசி நொடிகளில் கைக்கு வந்து சேர்ந்தது சாவி. பெயரைத் தட்டிக்கொண்டு போனது அதுதான். வலிப்பு மருந்துகளைப் பற்றி நம்மிடையே உலவும் தவறான எண்ணங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கு மேல் என்பது மதிப்பீடு. சரியாகக் கண்டறிந்து சரியான மருந்து கொடுத்தால் 10-இல் 7 பேர்வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும். மருந்து இருந்தும் பலர் விழுந்துகொண்டே இருப்பதற்குப் பணமும் தூரமும் காரணங்கள்தான். ஆனால் நம்பிக்கைகளுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

"இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும்"

பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தாமாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி, வாங்கி, மூடிய கையைப் பிரித்து வைப்பதற்கே அவ்வளவு நேரம் ஆகிவிடுகிறது. வெங்காயத்தை முகரச் செய்தாலும், செருப்பை மூக்கருகே நீட்டினாலும், ஒன்றுமே செய்யாமல் நின்றாலும் அதே நேரத்தில்தான் நிற்கும்.

சாவியால் உள்ளங்கை கிழியும், அவ்வளவுதான். பற்களுக்கு நடுவே கரண்டியையோ விரலையோ நுழைப்பதுதான் பெரிய ஆபத்து. பல் உடைந்து மூச்சுக்குழலுக்குள் போகலாம். கை காலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம், தண்ணீர் புகட்டவும் வேண்டாம். தலைக்கு அடியில் மடித்த துண்டை வையுங்கள், சட்டைக் காலரைத் தளர்த்துங்கள், இழுப்பு தளர்ந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முக்கியமாகக் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் அந்த வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துவிடுகிறது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலும் அப்படியே. அங்கே வேலை செய்வது மருந்துதான்: மூக்கில் பீய்ச்சும் மிடசோலம், நரம்பில் ஏற்றும் லோரசெபாம் போன்றவை.

"அது வெறும் தூக்க மாத்திரை, மூளையை மழுங்கடித்துவிடும்"

இந்த எண்ணம் சும்மா வந்ததில்லை. பலன் தந்த முதல் மருந்துகள் உண்மையிலேயே மந்தப்படுத்துபவையாக இருந்தன. 1857-இல் லண்டன் மருத்துவர் சார்லஸ் லோகாக் பொட்டாசியம் புரோமைடால் வலிப்பு குறைவதைச் சொன்னார். அதைச் சாப்பிட்டவர்கள் சோர்ந்து கிடந்தார்கள், தோலெல்லாம் கொப்புளம் போட்டது. 1912-இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன், அப்போது புதிதாக வந்திருந்த பினோபார்பிட்டால் என்ற தூக்க மருந்தைக் கொடுத்தபோது தன் நோயாளிகளுக்கு வலிப்பும் குறைவதைக் கவனித்தார். நம் ஊரில் கார்டினால் என்று இன்றும் எழுதித் தரப்படுவது அதுதான்.

தூக்கம் வேறு, வலிப்பைத் தடுப்பது வேறு என்று தெரியவந்த ஆண்டு 1938. பாஸ்டனில் ஹூஸ்டன் மெரிட், டிரேசி புட்னம் என்ற இருவர், மின்சாரத்தால் வலிப்பு உண்டாக்கிய பூனைகளில் வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். தூக்கம் தராமல் வலிப்பை மட்டும் தடுக்கும் பொருள் ஒன்று கிடைக்குமா என்பதே அவர்கள் கேள்வி. கிடைத்தது ஃபெனிட்டாயின். 1908-லேயே தயாரிக்கப்பட்டு, தூக்கம் தராததால் பயனற்றது என்று ஒதுங்கிக் கிடந்த பொருள் அது. எப்டாயின் என்ற பெயரில் தமிழ்நாட்டில் இதை அறியாத மருந்துக்கடை கிடையாது.

தூக்கம் தராமல் எப்படி அது வலிப்பைத் தடுக்கிறது? நரம்புச் செல் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அதன் சுவரில் உள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. பிறகு வாயில் மூடிக்கொண்டு, சிறிது ஓய்ந்து, அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. வலிப்பின்போது மூளையின் ஒரு பகுதியில், சில சமயம் மூளை முழுவதிலும், செல்கள் ஓய்வே இல்லாமல் ஒன்றுசேர்ந்து துடிக்கின்றன. ஃபெனிட்டாயின், கார்பமசெபின், லாமோட்ரிஜின் ஆகியவை ஓய்ந்திருக்கும் வாயிலில் போய் ஒட்டிக்கொண்டு, அந்த ஓய்வைச் சற்று நீட்டிக்கின்றன. இறங்கிய மதகுப் பலகையை இன்னும் கொஞ்ச நேரம் இறக்கியே பிடித்திருப்பதைப் போல. நிதானமாகத் துடிக்கும் செல்லுக்கு அந்தச் சிறு தாமதம் பெரிதாகத் தெரியாது. வெறி பிடித்தாற்போல் துடிக்கும் செல்தான் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் மாத்திரை சாப்பிடும் ஒருவரால் கணக்குப் போட முடிகிறது, பாடம் நடத்த முடிகிறது, வலிப்பு மட்டும் வருவதில்லை.

வேறு வழியில் வேலை செய்பவையும் உண்டு. மூளையில் அடக்கும் செய்தியைக் கொண்டுபோகும் காபா என்ற வேதிப்பொருளுக்கு வலுவூட்டுபவை ஒரு வகை: பினோபார்பிட்டால், குளோபசாம், குளோனசெபாம். தூக்கம் வருகிறது என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் இந்த வகைக்கே பொருந்தும். 1999-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்று, இன்று லெவிபில் போன்ற பெயர்களில் பரவலாக எழுதப்படும் லெவெட்டிராசெட்டம், செல்கள் செய்தி அனுப்பும் நுண்பைகளின் மேல் உள்ள ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அது எந்தப் புரதம் என்று 2004-இல்தான் தெரிந்தது. அதற்குள் எத்தனையோ பேர் அந்த மருந்தால் பலன் பெற்றிருந்தார்கள். வால்புரோயேட்டின் கதை இன்னும் வியப்பானது. 1882-லேயே தயாரிக்கப்பட்டு, பிற பொருள்களைக் கரைக்கும் திரவமாகப் பயன்பட்டது. 1960-களின் தொடக்கத்தில் பிரான்சில் அதில் கரைத்துச் சோதித்த மருந்துகளெல்லாம் வலிப்பைத் தடுக்கவே, தடுத்தது கரைத்த திரவம்தான் என்று கண்டுகொண்டார்கள்.

மழுங்கடிக்கும் என்ற பயத்தில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். அளவு கூடினால், மூன்று நான்கு மருந்துகள் சேர்ந்தால், மந்தம் வரும். டோபிரமேட் சாப்பிடுகிறவர்களுக்குப் பேச்சில் சொல் வராமல் போகலாம். லெவெட்டிராசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கொண்டுவரும். சாந்தமாக இருந்த பிள்ளை திடீரென்று எரிந்து விழுந்தால், திட்டுவதற்கு முன்னால் மாத்திரையை நினையுங்கள். ஃபெனிட்டாயினால் பல்லீறு தடிக்கும். டோபிரமேட் வியர்வையைக் குறைக்கும் என்பதால் நம் சித்திரை வெயிலில் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவை எல்லாமே மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ காரணங்கள். வீட்டிலேயே நிறுத்திவிட்டு வலிப்போடு வாழ்வதற்குக் காரணங்கள் ஆகமாட்டா. அடுப்படியில், கிணற்றடியில், சாலையில் வரும் ஒரே ஒரு வலிப்பு உயிரைப் பறித்துவிடக்கூடியது.

"வலிப்பு வரவில்லை, குணமாகிவிட்டது, நிறுத்திவிடலாம்"

இந்த மருந்துகள் வலிப்பு வராமல் தடுக்கின்றன. வலிப்பு வரும் தன்மையை வேரோடு எடுப்பதில்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தும்போது, அதுவரை அடங்கியிருந்தது சில சமயம் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பும். ஒன்று நிற்பதற்குள் அடுத்தது என்று தொடர்ந்து இழுக்கும் உயிராபத்தான நிலைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, மாத்திரையைச் சட்டென்று விட்டதுதான்.

அதற்காக எல்லாரும் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்பதும் சரியில்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் வலிப்பே வராதவர்களில் பலருக்கு, மூளைப் படத்தையும் மூளையின் மின்னலைப் பதிவான இ.இ.ஜி.யையும் வலிப்பின் வகையையும் பார்த்து, மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திப் பார்க்கிறார்கள். குழந்தைகளில் சில வகை வலிப்புகள் வளர வளர விட்டுப்போகும். வேறு சில வகைகள் மாத்திரையை எடுத்ததும் திரும்பும். யார் எந்த வகை என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

ஒரு வேளை மறந்துவிட்டால்? நினைவு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம். விரதம், நோன்பு என்றால் நேரத்தை எப்படி மாற்றிக்கொள்வது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள்.

"வலிப்பு என்றால் எல்லாம் ஒன்றுதான், மாத்திரையும் ஒன்றுதான்"

"அவங்க பையனுக்கு இந்த மாத்திரையில நல்லாயிடுச்சாம்" என்று சீட்டைக் காட்டி வாங்குபவர்கள் உண்டு. பத்தாம் வகுப்புப் பெண் காலையில் எழுந்ததும் கை வெட்டி காபி டம்ளரைக் கீழே போடுகிறாள். அலட்சியம் என்று வீட்டில் திட்டு விழுகிறது. தேர்வுக்கு இரவெல்லாம் கண் விழித்த மறுநாள் பெரிய வலிப்பு. இது பதின்பருவத்தில் வரும் ஒரு தனி வகை. இதற்குக் கார்பமசெபினோ ஃபெனிட்டாயினோ கொடுத்தால் அந்த வெட்டுகள் அதிகமாகலாம். வகுப்பில் சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கும் சிறு குழந்தைக்கும் வலிப்புதான். அதற்கு ஏற்ற மருந்து எத்தோசக்ஸிமைடு. கர்ப்பக் காலத்தில் இரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்புக்கு இவை எதுவும் முதல் தேர்வு கிடையாது. அங்கே மெக்னீசியம் சல்ஃபேட்தான் சிறந்தது என்று 1995-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு நிறுவியது.

அளவு விஷயத்திலும் அப்படித்தான். ஃபெனிட்டாயினில் ஓர் எல்லைக்குப் பிறகு சிறிது கூட்டினாலும் இரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு எகிறிவிடும். நடை தள்ளாடும், பார்வை இரண்டாகத் தெரியும். அரை மாத்திரைதானே என்று வீட்டில் கூட்டிக்கொள்ளக் கூடாத மருந்து அது.

முதல் மாத்திரை பலிக்கவில்லை என்றால் மனம் உடைய வேண்டியதில்லை. கிளாஸ்கோவில் 525 பேரைப் பின்தொடர்ந்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு மருந்தே எடுக்காதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. மேலும் சிலருக்கு அடுத்த மருந்துகளில் நின்றது. சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளும் தோற்றால் அறுவை சிகிச்சை பொருந்துமா என்று பார்க்க வேண்டும். அது ஏதோ வெளிநாட்டுச் சங்கதி என்று எண்ண வேண்டாம். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவர் ஜேக்கப் சாண்டி 1950-களிலேயே வலிப்புக்கு அறுவை செய்திருக்கிறார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகத்தில் 1990-களிலிருந்து செய்கிறார்கள்.

"கால் எரிச்சலுக்கு வலிப்பு மாத்திரையா?"

சர்க்கரை நோயால் பாதம் எரிகிறது என்று போன அப்பாவுக்கு ப்ரீகாபலின் எழுதித் தருகிறார்கள். மகன் கைப்பேசியில் தேடுகிறான். "வலிப்புக்கான மருந்து" என்று வருகிறது. தவறான மாத்திரை கொடுத்துவிட்டார்கள் என்று ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அல்லது, நமக்கும் வலிப்பு வரப்போகிறதோ என்று அப்பா இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறார்.

தவறு நடக்கவில்லை. சேதமான நரம்பு காரணமில்லாமல் துடித்துக்கொண்டே இருப்பதுதான் அந்த எரிச்சல். மட்டுமீறித் துடிக்கும் நரம்பை அடக்கும் மருந்து, அந்த நரம்பு எங்கே இருந்தாலும் உதவக்கூடும். காபாபென்டினும் ப்ரீகாபலினும் கால்சியம் வாயில்களின் ஒரு பகுதியில் ஒட்டி, வலிச் செய்தி கைமாறுவதைக் குறைக்கின்றன. முகத்தில் மின்சாரம் பாய்ந்தாற்போல் வெட்டும் நரம்பு வலிக்கு இன்றும் முதல் மருந்து கார்பமசெபின். பல் துலக்கினாலும், முகத்தில் காற்று பட்டாலும் வரும் அந்த வலியைப் பல்வலி என்று நினைத்து நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் கார்பமசெபினுக்கு அனுமதி முதலில் கிடைத்ததே இந்த முக வலிக்குத்தான், 1968-இல். வலிப்புக்கு 1974-இல்தான் கிடைத்தது. ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க டோபிரமேட், வால்புரோயேட். மனம் உச்சிக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் இருமுனை மனநோய்க்கு வால்புரோயேட், லாமோட்ரிஜின், கார்பமசெபின். இவற்றைச் சாப்பிடுவதால் யாருக்கும் வலிப்பு நோய் வந்துவிடாது.

நரம்பில் வலி என்றாலே இந்த மாத்திரை என்பதும் தவறு. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலிக்கு ப்ரீகாபலின் வெற்று மாத்திரையைவிட மேலாக உதவவில்லை என்று 2017-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். மயக்கமும் கால் வீக்கமும் வரலாம். வயதானவர்கள் தடுமாறி விழக்கூடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் மருந்து இல்லை இது.

"கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்"

எனக்கு அதிகமாக வலிப்பது இங்கேதான். பெண்ணுக்கு வலிப்பு இருப்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லாமல் மறைக்கிறார்கள். போன இடத்தில் மாத்திரையை எங்கே வைப்பது, யார் கண்ணில் படாமல் விழுங்குவது என்று அந்தப் பெண் தவிக்கிறாள். கல்யாணச் சந்தடியில் தூக்கம் இல்லை, மாத்திரையும் தவறுகிறது. இரண்டுமே வலிப்பைக் கூப்பிடுபவை. புகுந்த வீட்டில் முதல் வாரமே அவள் விழுகிறாள். பழி அவள் மேல்.

சட்டம் ஒரு காலத்தில் இந்தப் பயத்துக்குத் துணைபோனது. இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையாக இருந்தது. 1999-இல் திருத்தம் கொண்டுவந்து அதை நீக்கிவிட்டார்கள். இன்று வலிப்பு நோய் திருமணத்துக்குச் சட்டத் தடை ஆகாது. சொல்லிவிட்டுச் செய்யும் திருமணத்தில் மாத்திரையை அடுப்படி அலமாரியில் எல்லார் கண்ணிலும் படும்படி வைக்கலாம். மருத்துவமே அதைத்தான் கேட்கிறது.

குழந்தை பற்றிய பயமும் உண்டு. வலிப்பு நோயுள்ள பெண்களில் பெரும்பாலோர் ஆரோக்கியமான குழந்தைகளைப் பெறுகிறார்கள். இதை நம் பக்கத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்கள்: வலிப்பு நோயுள்ள பெண்களின் கர்ப்பங்களைப் பதிவு செய்து பின்தொடரும் திட்டம் கேரளத்தில் 1998 முதல் நடக்கிறது. ஆனால் எல்லா மருந்தும் சமமில்லை. வால்புரோயேட் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளில் சுமார் 10-இல் ஒருவருக்குப் பிறவிக் குறை வரலாம். 100-இல் 30 முதல் 40 குழந்தைகளுக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் சிக்கல் வரக்கூடும். லாமோட்ரிஜின், லெவெட்டிராசெட்டம் இரண்டும் இந்த வகையில் அதைவிடப் பாதுகாப்பானவை. ஆகவே மருந்தை மாற்றும் பேச்சு கர்ப்பத்துக்கு முன்பே, ஃபோலிக் அமிலத்தோடு சேர்த்து, தொடங்க வேண்டும். நாள் தள்ளிப்போனதும் பயந்து மாத்திரையை நிறுத்துவது தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. ஃபெனிட்டாயின், கார்பமசெபின், பினோபார்பிட்டால் மூன்றும் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும் என்பதையும் பெண்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை.

இன்னும் சில தவறான எண்ணங்கள் உண்டு. காய்ச்சலில் வரும் வலிப்பு ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் சாதாரணம். பெரும்பாலோருக்கு அது வலிப்பு நோயாக மாறாது, தினசரி மாத்திரையும் தேவைப்படாது. மூளையில் நாடாப்புழுக் கட்டி வந்து வலிப்பு வருவது பன்றிக்கறி சாப்பிடுபவர்களுக்கு மட்டும் என்பதும் தவறு. குடலில் புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டைகள் கை வழியாகவோ கழுவாத காய்கறி வழியாகவோ வந்து சேர்கின்றன. சைவ உணவுக்காரர்களுக்கும் அது வரும். பெயரில்லாப் பொட்டலத்தில் "மூலிகை" என்று விற்ற வலிப்பு மருந்துகள் சிலவற்றில் பினோபார்பிட்டால் கலந்திருந்தது நம் நாட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஆங்கில மருந்து வேண்டாம் என்று போனவர்கள், அளவு தெரியாமல் அதையே விழுங்கியிருக்கிறார்கள்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறவர்களைத் தடுக்க எனக்கு மனமில்லை. திருச்சிக்கு அருகே திருவாசியில், கொல்லி மழவன் என்ற சிற்றரசரின் மகளுக்கு வந்த, வலிப்பு என்று கருதப்படும் முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் தீர்த்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. இத்தனை நூற்றாண்டுகளாகப் பெற்றோர் இந்த நோய்க்காகக் கலங்கிப் போய் நின்ற வாசல் அது. போய் வாருங்கள். பயணப் பையில் மாத்திரை இருக்கட்டும்.

வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால் ஒரு நோட்டில் வலிப்பு வந்த தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, முந்தைய வேளை மாத்திரை போட்டாரா என்று எழுதி வையுங்கள். முடிந்தால் கைப்பேசியில் படம் எடுத்து மருத்துவருக்குக் காட்டுங்கள். எந்த வகை வலிப்பு என்று அவர் தீர்மானிக்க அது பேருதவி. அடிப்படையான வலிப்பு மாத்திரைகள் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. கையில் உள்ளவை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கி வைத்துவிடுங்கள்.